புனித லூசியாவின் கன்னத்துக்கு அடியில் பச்சை

பிளாரன்ஸ் நகரின் உஃபிஸி அருங்காட்சியகத்தில் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் உயரமும் அகலமும் கொண்ட பலிபீட ஓவியம் ஒன்று இருக்கிறது. டொமெனிகோ வெனெசியானோ 1445 வாக்கில் சாந்தா லூசியா தே மஞ்ஞோலி ஆலயத்துக்காக வரைந்தது. நடுவே குழந்தை இயேசுவுடன் அன்னை மரியா. இடப்பக்கம் அசிசியின் புனித பிரான்சிஸும் திருமுழுக்கு யோவானும். வலப்பக்கம் பிளாரன்ஸின் ஆயர் புனித செனோபியஸும், தன் கண்களைத் தட்டில் ஏந்திய புனித லூசியாவும்.

பக்கவாட்டில் தெரியும் லூசியாவின் முகத்தை நகலெடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வெள்ளையும் சிவப்பும் மஞ்சளும் கலந்து தோலின் நிறத்தை வண்ணம் கலக்கும் தட்டிலேயே உண்டாக்கிப் பூசிவிடுகிறார்கள். நிறம் பொருந்தும், முகம் மட்டும் பிளாஸ்டிக் பொம்மை போலிருக்கும். முட்டைக் கருவில் குழைத்த வண்ணத்தால் வரையும் அக்கால இத்தாலிய டெம்பராவில் தோலின் நிறம் தட்டில் பிறப்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் மெல்லிய படலங்களுக்குள் ஒளி போய்த் திரும்பும்போதுதான் அது உருவாகிறது. எனவே நகலையும் அடியிலிருந்தே கட்டி எழுப்ப வேண்டும்.

மூலம் பாப்லர் மரப்பலகையில் இருக்கிறது. லூசியாவின் தலையும் தோளும் மட்டும் போதுமென்றால், 30×40 செ.மீ. அளவில் 18 மி.மீ. பிளைவுட் சரியாக இருக்கும். 35 கிராம் முயல்தோல் பசையை அரை லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைக்க வேண்டும். தச்சர்களின் வச்சிரமும் இதே இனம்தான். 60 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. கொதித்தால் புரதச் சங்கிலிகள் அறுந்து பசை பிடிப்பை இழக்கும். பலகையின் பின்பக்கத்துக்கும் பசை பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை ஓரிரு நாளில் வளைந்து நிற்கும்.

அடுத்து ஜெஸ்ஸோ, அதாவது பசையில் குழைத்த ஜிப்சம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை அப்படியே கலந்தால் நிமிடங்களில் இறுகிப்போகும். தண்ணீரைக் குடிக்கும் அதன் படிகங்கள் ஊசி ஊசியாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதே காரணம். பழைய பட்டறைகளில் அதை நிறையத் தண்ணீரில் போட்டு ஒரு மாதம்வரை தினமும் கலக்கினார்கள். படிகங்கள் பின்ன முடியாமல் தனித்தனித் துகளாக நின்றுவிடும். பட்டுப் போன்ற அந்த மாவுதான் வேண்டியது. இன்று ஆயத்தமாகவே கிடைக்கிறது. வெதுவெதுப்பான பசையில் சலித்துத் தூவ வேண்டும். குவியல் பசையின் மட்டத்தைத் தொட்டதும் நிறுத்திவிடலாம். வேகமாகக் கிண்டினால் காற்றுக் குமிழ்கள் சிக்கி, காய்ந்தபின் ஊசித்துளைகளாகத் தெரியும். முதல் பூச்சை விரலால் தேய்த்து ஏற்றி, மேலும் ஏழு பூச்சுகள், ஒவ்வொன்றும் முந்தையதற்குக் குறுக்காக, ஒரே நாளில். மேல்பூச்சில் பசை அதிகமாகிவிட்டால் அது சுருங்கும்போது அடிப்பூச்சை இழுத்து விரிசல் விடும். காய்ந்ததும் உப்புத்தாளால் தந்தம்போல வழவழப்பாகத் தேய்க்க வேண்டும்.

வண்ணத்தைப் பிடித்து வைப்பது முட்டையின் மஞ்சள் கரு. அதில் ஏறத்தாழ பாதி தண்ணீர், மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, ஆறில் ஒரு பங்கு புரதம். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் காப்பது அதிலுள்ள லெசித்தின். கருவை உள்ளங்கையில் உருட்டி வெள்ளையைப் போக்கி, கருவைச் சுற்றிய மெல்லிய பையை இரு விரலால் தூக்கி, அடியில் குத்தி வடியவிடுங்கள். பை உள்ளே விழுந்தால் தூரிகையில் நூல் நூலாக ஒட்டும். கருவோடு சம அளவு தண்ணீர் சேர்த்து, நீரில் அரைத்த நிறமியுடன் சரிபாதியாகக் கலந்து கண்ணாடியில் தடவிப் பாருங்கள். காய்ந்தபின் பிளேடால் சுரண்டினால் தோல்போல உரிந்து வர வேண்டும். மாவாக உதிர்ந்தால் கரு போதவில்லை. எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தால் கூடிவிட்டது. கருவின் மஞ்சள் நிறம் ஓவியத்தைக் கெடுக்குமோ என்ற கவலை வேண்டாம், வெளிச்சம் பட்டால் அது வெளுத்துவிடும்.

தண்ணீர் சில நொடிகளில் ஆவியாகிவிடுவதால் எண்ணெய் வண்ணம்போல இரு நிறங்களை ஈரத்தில் குழைத்து இணைக்க முடியாது. அதனால்தான் டெம்பரா முகங்களை அருகில் போய்ப் பார்த்தால் முடிபோல மெல்லிய கோடுகள் தெரிகின்றன. தூரிகையைப் பிழிந்து, கிட்டத்தட்ட உலர்ந்த நுனியால் இழுக்க வேண்டும். ஈரம் மிகுந்தால் கீழ்ப்படலம் கரைந்து கிளம்பும்.

தோல் வரும் இடமெங்கும் முதலில் தெர்ரா வெர்தே என்ற பச்சை மண்ணை வெள்ளையுடன் கலந்து இரண்டு பூச்சு. நிழல்களை அதைவிடக் கருத்த பச்சையில் செதுக்குங்கள். பிறகு கன்னத்திலும் உதட்டிலும் இளஞ்சிவப்பு. கடைசியாக மூன்று கிண்ணங்களில் மூன்று படி தோல் நிறங்கள், வெளிச்ச இடத்துக்கு மிக வெளிர்ந்தது. தாடைக்கடியிலும் கழுத்தோரத்திலும் பச்சையை மூடாமல் மெல்லியதாக விட வேண்டும். சிவப்புக்கு எதிர்நிறமான பச்சை அங்கே நிழலைக் குளிர்விக்கிறது, பக்கத்திலுள்ள சிவப்பில் ரத்தம் ஓடுகிறது.

இங்கே வெள்ளையின் தேர்வு எல்லாவற்றையும் கெடுத்துவிடக் கூடும். அன்று பயன்பட்டது ஈய வெள்ளை, அதன் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு, சுமார் 2. இன்று கடையில் முதலில் கையில் கிடைக்கும் டைட்டானியம் வெள்ளைக்கு அது 2.7. காய்ந்த முட்டைப் படலத்துக்கோ சுமார் 1.5. வெள்ளைக்கும் படலத்துக்கும் உள்ள இடைவெளி கூடக்கூட ஒளி சிதறி வண்ணம் ஒளிபுகாததாகும், பாடுபட்டுப் பூசிய பச்சை புதைந்துபோகும். ஈயம் நஞ்சு, அதன் தூளை வீட்டில் கையாளவே கூடாது. ஒளிவிலகல் எண் 2 உள்ள துத்தநாக வெள்ளை நல்ல மாற்று. பாதரசச் சேர்மமான சாதிலிங்கச் சிவப்புக்குப் பதில் பைரோல் சிவப்பு போதும்.

பல பழைய ஓவியங்களில் புனிதர்களின் முகம் பச்சையாகவே தெரிகிறது. நூற்றாண்டுகளாகத் தேய்த்துக் கழுவியதில் மேலிருந்த தோல் நிறம் போய்விட்டது. அத்தகைய ஓவியத்தை நகலெடுப்பவர் இன்றைய தேய்மானத்தையா, அன்றைய முகத்தையா வரைகிறோம் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். பாதிப் பாதியாகச் செய்தால் இரண்டுமே பொய்யாகும்.

வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுங்கள். கருவிலுள்ள எண்ணெய் மெதுவாகவே இறுகும். மூலத்தில் படிக்கட்டில் இருக்கும் டொமெனிகோவின் கையொப்பம் நகலில் வரக் கூடாது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் தன் கூடங்களில் வரைபவர்களுக்கு இதைத் தடை செய்திருப்பதோடு, நகல் மூலத்தைவிட ஐந்தில் ஒரு பங்காவது சிறிதாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. பலகையின் பின்புறம் நகல் என்ற சொல், ஆண்டு, பயன்படுத்திய வெள்ளை எது என்ற மூன்றையும் அழியாத மையில் எழுதிவையுங்கள்.