அவரைக்கு மார்கழி தெரிவது எப்படி?

ஆடியில் விதை ஊன்றிய கொடி அவரை, புரட்டாசி வரைக்கும் வெறும் இலையாகவே பந்தலை மூடும். பூ எங்கே என்று கவலையாக இருக்கும். ஐப்பசி தாண்டியதும் கொத்துக் கொத்தாகப் பூத்து, மார்கழி, தையில் முறம் நிறையக் காய் கொடுக்கும். ஒரு மாதம் பிந்தி விதைத்த கொடிகூடப் பூப்பதில் அவ்வளவாகப் பின்தங்காது. அப்படியென்றால் அது தன் வயதைப் பார்த்துப் பூப்பதில்லை.

குளிரைப் பார்த்தா? சென்னை மாதிரி ஊரில் பனிக்காலம் மிதமானது. மழையும் மேகமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாறாதது இரவின் நீளம்தான். சென்னையில் ஜூன் கடைசியில் பகல் சுமார் 12 மணி 50 நிமிடம். டிசம்பர் கடைசியில் 11 மணி 20 நிமிடம். இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் நமக்கு உறைக்காது. அவரைக்கு உறைக்கும்.

செடிகள் பகல் நீளத்தை அறிகின்றன என்பதை 1920-இல் கார்னர், அல்லார்டு என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் எழுதினார்கள். கோடையில் பூக்காமல் உயரமாக வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை வகையைத் தினமும் சில மணி நேரம் இருட்டறையில் வைத்தார்கள், பூத்துவிட்டது! அவரையும் அதே மாதிரி குறும்பகல் தாவரம். உண்மையில் இவை அளப்பது பகலை அல்ல, இடையில் வெளிச்சம் படாத தொடர் இருட்டை. இலையில் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி வெளிச்சத்தை உணர்கிறது. செல்லுக்குள் ஓடும் ஒரு கடிகாரம் நேரத்தைக் கணக்கிடுகிறது. இரவு போதிய அளவு நீண்டதும், இலையில் ஒரு புரதம் உருவாகி, உணவு செல்லும் குழாய் வழியே கொடியின் நுனிக்குப் போய் 'பூ விடு' என்று சொல்கிறது. தகவல் இலையிலிருந்து போகிறது, பூப்பது நுனி. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அதனால் பந்தலை ஒட்டிப் பளிச்சென்று தெருவிளக்கு எரிந்தால் பூப்பது தள்ளிப்போகலாம். உரம் போட்டும் பூக்கவில்லையே என்று வருந்துவதற்கு முன், பந்தலில் வெளிச்சம் விழுகிறதா என்று ராத்திரி ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆண்டு முழுக்கக் காய்க்கும் செடி அவரை ரகங்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது.

சரி, பறிப்பது? விதை முற்ற விட்டால் கொடியின் உணவெல்லாம் அங்கே போய்விடும், புதுப்பூ குறையும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, விதை புடைக்கும் முன்பே பறியுங்கள். கொத்தின் காம்பை ஒடிக்காமல் காயை மட்டும் கிள்ளுங்கள். அதே காம்பின் நுனியில் அடுத்த பூக்கள் காத்திருக்கும். விதைக்கென்று நாலு காயை மட்டும் கொடியிலேயே காயவிட்டால் போதும்.