பஸ்: தலை போய் உருபு மட்டும் மிஞ்சிய சொல்

வேலூர் மாவட்டம் காட்பாடியில் எங்கள் தெருவில் குடியிருக்கும் பள்ளி மாணவி ஒருத்தி போன மாதம் ஒரு தாளை நீட்டினாள். சுற்றுச்சூழல் மன்றத்துக்காக அவள் எழுதிய துண்டறிக்கை அது. புவி சூடாவதைத் தடுக்க எல்லோரும் பேருந்தில் செல்வோம் என்று தொடங்கியது. பிறமொழிச் சொல் எதுவும் வரக்கூடாது என்பது ஆசிரியையின் கட்டளை. அதனால் பஸ் பேருந்தாகவும் கார் மகிழுந்தாகவும் மாறியிருந்தன. அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தே தலை நரைத்தவன் நான் என்பதால், பிழை பார்க்க என்னிடம் வந்திருந்தாள். பிழை ஒன்றே ஒன்றுதான்: இரண்டு இடங்களில் ‘பேரூந்து’ என்று நெடில் போட்டிருந்தாள். அதைத் திருத்திக்கொண்டிருந்தபோது கேட்டாள்: “பேருந்து என்றால் பெரிய உந்து, அது புரிகிறது ஐயா. பஸ் என்றால் என்ன பொருள்?”

பஸ் என்றால் ‘க்கு’ என்று பொருள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

லத்தீனில் ‘ஓம்னிஸ்’ என்றால் எல்லாம், எல்லோரும். அதோடு ‘புஸ்’ என்ற ஈறு சேர்ந்து ‘ஓம்னிபுஸ்’ ஆனால் ‘எல்லோருக்கும்’ என்று பொருள். அந்த ‘புஸ்’ லத்தீனின் பன்மைச் சொற்களில் நம் நான்காம் வேற்றுமை உருபான ‘கு’ செய்யும் வேலையைச் செய்கிறது. ‘எல்லோருக்குமான வண்டி’ என்ற பொருளில் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயரை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு, நீளமாக இருக்கிறதென்று 1830களிலேயே வெட்டினார்கள். வெட்டும்போது ‘எல்லோரும்’ போய்விட்டது, உருபு மட்டும் தங்கிவிட்டது. தமிழில் இதையே செய்திருந்தால் பழைய பஸ் நிலையத்தில் நாம் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்போம்: “பாகாயம் ‘க்கும்’ போய்விட்டதா? அடுத்த ‘க்கும்’ எத்தனை மணிக்கு?”

தொல்காப்பியர் இந்த நான்காம் வேற்றுமையைச் சொல்லும்போது ‘எப்பொருளாயினும் கொள்ளும் அதுவே’ என்கிறார். எந்தப் பொருளாக இருந்தாலும் அதை ஏற்றுக்கொள்வது அதன் இயல்பு. இலக்கணத்தைப் பற்றித்தான் சொன்னார்; ஆனாலும் காய்கறி மூட்டை, கோழிக்கூடை, பாத்திரக்கட்டு எல்லாம் ஏறிய பிறகும் இன்னும் நாலு பேரை உள்ளே தள்ளிவிடும் டவுன் பஸ் நடத்துநரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நூற்பா நினைவுக்கு வரும். வெட்டுப்பட்ட தலையும் வீணாகவில்லை. ‘ஆம்னி’ என்று ஒரு வேனுக்குப் பெயராகி ஊரெல்லாம் ஓடிற்று.

பெயர் பிறந்த ஊர் பிரான்சின் நாந்த் நகரம். 1820களில் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்பவர் அங்கே நீராவியால் ஓடும் மாவு ஆலை வைத்திருந்தார். ஆலையில் வீணாகும் வெந்நீரைக் கொண்டு ஒரு குளியல் விடுதி நடத்தினார். விடுதி ஊருக்கு வெளியே இருந்ததால், நகர நடுவிலிருந்து வாடிக்கையாளரை அழைத்துவரக் குதிரை வண்டி விட்டார். ஏறியவர்களில் பலர் குளியலறை வரை வரவே இல்லை. வழியில் தங்கள் தங்கள் வேலைக்கு இறங்கிக்கொண்டார்கள். வேறொருவர் என்றால் சண்டைக்குப் போயிருப்பார். போத்ரியோ குளியலைவிட வண்டியில்தான் தொழில் இருக்கிறது என்று கண்டுகொண்டு, 1826இல் நாந்திலும் 1828இல் பாரிசிலும் வண்டிகளை ஓடவிட்டார். வண்டி புறப்படும் இடத்தில் ஓம்னேஸ் என்பவரின் தொப்பிக்கடை இருந்ததாம். பலகையில் சொந்தப் பெயரை வைத்துச் சிலேடையாக ‘ஓம்னேஸ் ஓம்னிபுஸ்’ என்று எழுதியிருந்தாராம். அதிலிருந்தே வண்டிக்குப் பெயர் வந்ததாம். இந்த ‘ஆம்’களைக் கழித்துவிட்டால் ஆதாரம் மெலிந்தது. ஆனால் நல்ல கதை, இருந்துவிட்டுப் போகட்டும்.

பெயரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ‘எல்லோரும்’ யார் என்பது. போத்ரிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1662இல், கணித மேதை பாஸ்கலின் யோசனைப்படி பாரிசில் குறித்த வழியில், குறித்த நேரத்தில், ஐந்து சூ (அக்காலப் பிரெஞ்சுக் காசு) கட்டணத்தில் வண்டிகள் ஓடின. இன்றைய பஸ்ஸுக்கு வேண்டிய இலக்கணம் அத்தனையும் அதில் இருந்தது. ஆனால் படைவீரர், ஏவலாளர், கூலித் தொழிலாளர் ஏறக்கூடாது என்று பாரிசின் உயர் நீதிமன்றம் விதி போட்டுவிட்டது. ஏறத்தாழ 15 ஆண்டுகளில் அந்த வண்டிகள் நின்றுபோயின. இலண்டனில் 1829 ஜூலை 4 அன்று ஜார்ஜ் ஷில்லிபியர் மூன்று குதிரை பூட்டி, 22 பேர் உட்காரும் ஆம்னிபஸ்ஸை ஓட்டியபோது முழு வழிக்கும் கட்டணம் ஒரு ஷில்லிங். பெயரில் எல்லோருக்கும் இடம் இருந்தது. கூலியாள் என்னவோ நடந்துதான் போனான்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். உந்துதல் என்றால் தள்ளுதல், முன்னே செலுத்துதல். குடிநீர் வாரியத்துப் பலகைகளில் ‘நீருந்து நிலையம்’ என்று பார்த்திருப்பீர்கள், அதே உந்து. எந்திரத்தால் உந்தப்படும் வண்டி உந்து. பெரியதாக இருப்பதால் பேருந்து. மினி பஸ் என்றால் சிற்றுந்து. பெருமை என்னும் பண்புப்பெயர் உயிரெழுத்துக்கு முன் ஈறு கெட்டு, முதல் நீண்டு ‘பேர்’ ஆகும். பேர் + ஊர் பேரூர். பேர் + உந்து பேருந்து. வருமொழியில் நெடில் இல்லாதபோது நெடில் எங்கிருந்து வரும்? மாணவியின் தாளில் நான் திருத்தியது இதைத்தான். பேரூரை மனத்தில் வைத்துக்கொண்டு பேருந்தை எழுதும் கை அவளுக்கு மட்டும் உரியதில்லை, கடைப்பலகைகளிலும் பார்க்கிறேன்.

இதைவிடப் பழைய சொல் ஒன்றும் நம்மிடம் உண்டு: ஊர்தி. புறநானூற்றின் 27ஆம் பாட்டில் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ வருகிறது. வலவன் என்றால் ஓட்டுநர். ஓட்டுநர் இல்லாமல் வானில் போகும் வண்டியைக் கற்பனை செய்த புலவர், ஏற்கெனவே கைவசம் இருந்த ஊர்தி என்ற சொல்லைக் கொண்டே அதைச் சொல்லிவிட்டார். இன்றும் அரசாணை மொழியில் அது உயிரோடு இருக்கிறது. ஆனாலும் பஸ்ஸுக்கு ஒட்டிக்கொண்டது பேருந்துதான். அளவான சொல், சொன்னால் வாயில் நிற்கிறது, குறை சொல்ல மாட்டேன்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. காருக்கு ‘மகிழுந்து’ என்று பெயர் வைத்தவர் யாரோ, மகிழ்ச்சியை முழுதாக அதற்குக் கொடுத்துவிட்டார். பஸ்ஸுக்குக் கிடைத்தது பருமன் மட்டும்! ஐம்பது பேர் போகும் வண்டியை உடம்பை வைத்தும், ஒருவர் போகும் வண்டியை உள்ளத்தை வைத்தும் பெயரிட்டிருக்கிறோம். எனக்கு இது உறுத்துகிறது. துண்டறிக்கையில் ‘மகிழுந்தைத் தவிர்ப்போம்’ என்று அவள் எழுதியிருந்த வரியைப் படித்தால், மகிழ்ச்சியைத் தவிர்க்கச் சொல்லி ஊரை அழைப்பது போல இருந்தது. அடித்துவிட்டுக் ‘கார்’ என்று போட்டேன். ஆசிரியையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

ஓம்னிபுஸ் என்பதன் பொருளைத் தேடினால் நேரான தமிழ் ‘பொது’. பழைய இலக்கியத்தில் ஊரார் கூடும் மன்றத்துக்குப் பொதியில் என்று பெயர்: பொது இல்லம். அங்கே யாரும் வரலாம், தங்கலாம். பேருந்து எந்திரத்தைச் சொல்கிறது, பொது ஆளைச் சொல்கிறது. ஆகவே லத்தீன் சொல்லின் தலையும் வாலும் சேர்ந்து நமக்கு வேண்டுமென்றால் ‘பொதுப் பேருந்து’ என்றுதான் எழுத வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், முழுச்சொல்லை வெட்டாமல் வைத்திருக்கும் வண்டி ஒன்றும் நம் ஊர்ச் சாலையில் ஓடுகிறது, நேர்மாறான பொருளில். ஆம்னி பஸ் என்றால் தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? தனியாருடையது, முன்பதிவு வேண்டும், தீபாவளி வந்தால் கட்டணத்தைக் கேட்டதும் தலை சுற்றும். ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லை முழுதாக நெற்றியில் ஒட்டிக்கொண்டு, கொடுக்க முடிந்தவருக்கு மட்டும் கதவு திறக்கும் வண்டி. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டினால் இன்னும் சுவை. ஓட்டுநரை நீக்கி ஆறு பேருக்கு மேல் ஏற்றிச்செல்ல அமைக்கப்பட்ட எந்த மோட்டார் வண்டியும் அதன்படி ஆம்னிபஸ்தான். ஆக, காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே ஓடும் 1ஆம் எண், 2ஆம் எண் டவுன் பஸ்களும் சட்டத்தின் கண்ணில் ஆம்னி பஸ்களே. அகராதியின் கண்ணிலும் அப்படித்தான், சொல்லப்போனால் அவைதான்.

இந்த ‘எல்லோருக்கும்’ சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுகிற விஷயம் இல்லை. எரிபொருள் முதலியவற்றை எரித்து ஆற்றல் எடுப்பதால் உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 23 விழுக்காடு போக்குவரத்திலிருந்து வருகிறது. போக்குவரத்துக்குள்ளே பெரும்பங்கு, சுமார் 70 விழுக்காடு, சாலை வண்டிகளுடையது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு; பெட்ரோல் என்றால் 2.3 கிலோ. மாணவியை உட்காரவைத்து அவளது தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டோம். டவுன் பஸ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால், 10 கிலோமீட்டருக்கு இரண்டரை லிட்டர், 6.75 கிலோ வாயு. உள்ளே 50 பேர் இருந்தால் தலைக்கு 135 கிராம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் பைக்கில் ஒருவர் அதே தொலைவு போனால் 510 கிராம். 12 கிலோமீட்டர் கொடுக்கும் காரில் ஒருவர் போனால் 1.9 கிலோ.

அவள் கெட்டிக்காரி. “பஸ்ஸில் பத்தே பேர் இருந்தால்?” என்றாள். வகுத்தோம். 675 கிராம்! பைக்கைவிட மோசம். 14ஆவது ஆள் ஏறிய பிறகுதான் பஸ், ஒற்றை ஆள் ஓட்டும் பைக்கை வெல்கிறது. பைக்கில் இருவர் போனால் பஸ்ஸுக்கு 27 பேர் வேண்டும். வெறும் பேருந்து பூமிக்கு நல்லது செய்துவிடாது. அதன் பசுமையெல்லாம் போத்ரி வைத்த பெயரின் தலைப்பகுதியில் இருக்கிறது, நாம் வெட்டியெறிந்தோமே, அதில். டீசலுக்குப் பதில் மின்கலம் வைத்தால் கணக்கு நல்லபடியாக மாறும்தான். ஆனால் வேலூர் ஆற்காடு ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு ஒருவர் அமர்ந்த மின்சாரக் கார் அடைக்கும் இடம், பெட்ரோல் கார் அடைக்கும் அதே இடம்.

எல்லோரும் ஏற வேண்டுமென்றால் ஏற முடிய வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் டிக்கெட்டுக்குக் காசு தர வேண்டியதில்லை. திருநங்கையரும் மாற்றுத்திறனாளிகளும் அதே ஆண்டிலேயே சேர்க்கப்பட்டார்கள். இலண்டன் ஷில்லிங்கையும் பாரிஸ் தடையையும் படித்த பிறகு பார்த்தால், அந்தப் பழைய உருபுக்குப் பொருள் திரும்பத் தேடிவந்தது போல எனக்குத் தோன்றுகிறது. அரசியல் பேசுகிறேன் என்று நினைத்தாலும் சரி.

போக்குவரத்து என்ற சொல்லையும் தொட்டுவிட்டுப் போகிறேன். போக்கு, வரத்து இரண்டும் ஏரிப் பாசனத்தில் புழங்கும் சொற்கள். ஏரிக்கு நீர் கொண்டுவருவது வரத்துக்கால், மிகுந்ததை வெளியேற்றுவது போக்குக்கால். பழைய வடஆற்காட்டில் ஏரியை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: வரத்து தூர்ந்தால் ஏரி காயும், போக்கு அடைபட்டால் கரை உடையும். ஆற்காடு ரோட்டில் நடப்பது இரண்டாவது வகை.

துண்டறிக்கையில் கடைசியாக ஒரே ஒரு மாற்றம் செய்தேன். ‘பேருந்து’ என்பதற்கு முன்னால் ‘பொது’வைச் சேர்த்தேன். ‘ப்’ போட மறக்காதே என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மருந்து வாங்க வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் போயிருந்தேன். மருத்துவமனை எதிரே பாதிப் பலகைகள் வங்காள மொழியில் இருக்கும். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் அவ்வளவு பேர். நிறுத்தத்தில் இளைஞன் ஒருவன், ஒரு கையில் பரிசோதனைப் படங்கள் இருந்த பெரிய உறை, மறு கையில் தந்தையின் முழங்கை. மே மாத வெயில். ஆட்டோக்காரர் ஒருவர் இந்தியில் விலை பேசிப் பார்த்தார். அவன் தலையை ஆட்டிவிட்டு என்னிடம் திரும்பினான். “பாஸ்? காட்பாடி?” என்றான். அவர்கள் ஊரில் பஸ்ஸை அப்படித்தான் சொல்வார்கள். பேருந்து என்று எழுதிய பலகை எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது, அவனுக்கு அது உதவவில்லை. வந்துகொண்டிருந்த 1ஆம் எண்ணைக் காட்டினேன்.

படி உயரம். பெரியவர் ஒரு காலை வைத்துவிட்டு மறுகாலைத் தூக்க முடியாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பின்னால் வந்த லாரி ஒலி எழுப்பியது. நடத்துநர் வாயில் வைத்த விசிலை எடுத்துவிட்டு, குனிந்து அவருடைய அக்குளில் கைகொடுத்தார். “வண்டி நிற்கும் ஐயா, மெதுவாக ஏறுங்கள்” என்றார். அந்தத் தமிழ் அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் அவசரப்படுவதை விட்டுவிட்டார்.