பெண் பார்க்கும் கண்ணில் என்ன நடக்கிறது?

அக்காளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் தங்கையை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவது திருநெல்வேலிப் பக்கத்தில் பல வீடுகளில் இருந்த வழக்கம். தங்கை கொஞ்சம் நிறமாக இருந்துவிட்டால் கட்டாயம் அனுப்புவார்கள். ஆச்சிமார் எந்த ஆய்வையும் படித்துவிட்டு இதைச் செய்யவில்லை. ஆனால் அவர்கள் கணக்கு சரியானது.

1980-ஆம் ஆண்டு டக்ளஸ் கென்ரிக் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் அமெரிக்க மாணவர்களிடம் சாதாரணத் தோற்றமுள்ள ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். அழகிகள் நடித்த தொலைக்காட்சித் தொடரை அப்போது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகப் போட்டார்கள். முகத்தை அளக்க மூளையிடம் நிலையான அளவுகோல் கிடையாது. வெள்ளை வேட்டியை ஒட்டி வைத்தால் பழுப்புத் துண்டு கறுத்துத் தெரிவது போல, பக்கத்தில் இருப்பதை வைத்தே அது எடை போடுகிறது. உளவியல் இதை முரண் விளைவு என்கிறது.

அந்த எடை விழுகிற வேகம் இன்னும் கொடுமை. 2006-இல் வில்லிஸ், டொடோரோவ் இருவரும் முகப்படங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். அழகா, நம்பத் தக்கவரா, திறமைசாலியா என்று பார்த்தவர்கள் அதற்குள்ளேயே முடிவு செய்துவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவு பெரிதாக மாறவில்லை; தன் முடிவின் மீதான நம்பிக்கைதான் கூடியது. கேசரியும் காப்பியும் கொடுத்து அரை மணி நேரம் உட்காரவைத்தாலும், அந்தப் பெண் தட்டோடு நிலைப்படியைத் தாண்டும்போதே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. பிறகு வீட்டுக்குப் போய் ‘தாக்கல்’, அதாவது தகவல், சொல்லி அனுப்புவதெல்லாம் சம்பிரதாயம்.

தீர்ப்பு முகத்தோடு நிற்பதும் இல்லை. அழகானவர்களுக்குக் குணம், நல்ல வேலை, மகிழ்ச்சியான மணவாழ்க்கை எல்லாம் அமையும் என்று மக்கள் தாமாகவே எதிர்பார்ப்பதை 1972-இல் டியன், பெர்ஷெய்டு, வால்ஸ்டர் ஆகியோர் காட்டினார்கள். பிள்ளை வளர்ப்பில் மட்டும் அந்தச் சலுகை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதன் மறுபக்கம்தான் நம் ஊர்ப் பெண்களைச் சுட்டது. ‘பெண் சுமார்தான், நிறமும் மட்டு’ என்று சொல்லிவிட்டால் அவளுடைய கைவேலையும் படிப்பும் சேர்ந்தே மட்டமாகிவிடும். அந்தக் குறையைப் பவுனால் ஈடுகட்ட வேண்டும். முக்கூடல் பக்கத்தில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, பீடி இலையை வெட்டித் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டிய பெண்களில் எத்தனையோ பேர் தங்கள் நிறத்துக்கான அபராதத்தைத் தாங்களே சம்பாதித்தவர்கள். இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

நிறமோ அவர்கள் கையில் இல்லை. தோல் நிறத்தில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. அவற்றுள் முக்கியமான ஒன்று எஸ்எல்சி24ஏ5. வரிக்குதிரை மீனை ஆராய்ந்தபோது 2005-இல் அதன் பங்கு தெரியவந்தது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் தோல் வெளுக்கிறது. அந்த மாறிய வடிவமும் மாறாத வடிவமும் தென்னிந்தியர்களிடம் கலந்தே இருக்கின்றன. தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. எது யாருக்கு வாய்க்கும் என்பது தற்செயல். ஒரே வயிற்றில் பிறந்த அக்காள் கறுப்பாகவும் தங்கை மாநிறமாகவும் இருப்பது இப்படித்தான். பூமத்திய ரேகைக்கு ஒன்பது டிகிரிக்குள் இருக்கும் இந்த வெயில் பூமியில் கறுத்த தோலில் கூடுதலாக உள்ள மெலனின், புற ஊதாக் கதிர்களிலிருந்து உடம்பைக் காக்கிறது. கருவில் வளரும் குழந்தைக்குத் தேவையான ஃபோலேட் சத்தை அந்தக் கதிர்கள் சிதைக்கும். வெயிலுக்கு ஏற்ற தோலைத்தான் ஊர் குறை சொன்னது.

பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போவதும் உண்மை. 1992-இல் மோர்லண்ட், பீச் இருவரும் ஒரு பல்கலைக்கழக வகுப்பில் இதைச் சோதித்தார்கள். ஏறத்தாழ ஒரே மாதிரித் தோற்றம் கொண்ட நான்கு பெண்கள். ஒருவர் வகுப்புக்கு வரவே இல்லை. மற்றவர்கள் 5, 10, 15 முறை வந்து யாரிடமும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். பருவத்தின் முடிவில் படங்களைக் காட்டியபோது, அதிக முறை வந்தவரே அதிகம் கவர்ந்தார்.

முறைப்பெண்ணைக் கட்டுகிற வழக்கத்தில் இந்த விதி பெண்ணுக்குச் சாதகமாக வேலை செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நெருங்கிய உறவில் மணம் முடிப்பதால் பிள்ளைகளுக்கு வரும் நோய் அபாயம் வேறு விஷயம். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சிறுவயது முதல் நூறு முறை பார்த்த மாமன் மகன் அவளை ஒரு நொடியில் அளக்க வேண்டியிருக்கவில்லை. தரகர் வழியாக அசலூர்ச் சம்பந்தம் வந்தபோது அந்த நூறு பார்வை ஒன்றாகச் சுருங்கியது. கல்யாணமாகிப் போன வீட்டிலும் ஒரு வருஷத்தில் அவள் முகம் பழகிவிடும். ‘எங்கள் மருமகள் லட்சணமானவள்’ என்று மாமியாரே சொல்வார். நிறத்துக்காகக் கூடுதலாகக் கேட்டு வாங்கிய பவுனை அதற்காக யாரும் திருப்பித் தந்ததில்லை.