சிட்டையும் பேரேடும்: ஒரு காந்த அளவு உலகக் கணக்கில் ஏறும் விதம்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனால் கிருஷ்ணாபுரம் வரும். வெங்கடாசலபதி கோயிலின் சிற்பங்களைப் பார்க்கவே பலர் அங்கே இறங்குவார்கள். அதே ஊரில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் இருக்கிறது. அது இங்கே அமைந்ததற்கான காரணம் நம் தலைக்கு மேலே ஓடுகிறது. பூமியின் காந்தக் கோடுகள் தரைக்குக் கிடையாகப் படுத்திருக்கும் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழகத்தை ஒட்டிச் செல்கிறது. அதற்கு நேர் மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் கிழக்கு நோக்கி வலுவான மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. நடுக்கோட்டின் இருபுறமும் ஏறக்குறைய 3 பாகைக்குள் அது அடங்கிவிடும். இதை எலெக்ட்ரோஜெட் என்கிறார்கள். 1963-ல் தும்பாவை ராக்கெட் ஏவும் இடமாகத் தேர்ந்ததற்கும் இந்த நடுக்கோடுதான் காரணம்.

அந்த மின்னோட்டம் எவ்வளவு வலுவாக ஓடுகிறது என்பதை நெல்லையில் மட்டும் அளந்து சொல்ல முடியாது. இங்குள்ள காந்தமானியில் எலெக்ட்ரோஜெட்டின் பங்கோடு, வேறு மின்னோட்டங்களின் பங்கும் சூரியப் புயலின் பங்கும் கலந்தே பதிவாகும். அதனால் எலெக்ட்ரோஜெட்டுக்கு வெகு தொலைவில், மகாராஷ்டிரத்தின் அலிபாக்கில் அதே நிமிடத்தில் எடுத்த அளவை இங்குள்ள அளவிலிருந்து கழிப்பார்கள். எஞ்சுவதே எலெக்ட்ரோஜெட். அலிபாக்கின் எண் கைக்கு வராவிட்டால் நெல்லையின் எண்ணால் பாதிப் பயன்தான். உலகக் கூட்டாய்வுகள் எல்லாவற்றிலும் தரவுப் பகிர்வு உயிர்நாடியாக இருப்பது இதனால்தான்.

சரி, அளவு எப்படிப் பிறக்கிறது? ஒரு காந்த நிலையத்தில் இரண்டு வகை வேலை நடக்கும். ஃப்ளக்ஸ்கேட் காந்தமானி நொடிக்கு நொடி தானே பதிவு செய்யும். ஆனால் அது காட்டுவது ஏற்ற இறக்கத்தை மட்டும். வெயிலுக்கும் குளிருக்கும் அதன் மதிப்பு நகர்ந்துகொண்டே இருக்கும். எனவே வாரத்துக்கு ஒருமுறையாவது ஒருவர் காந்தமற்ற தியோடலைட்டோடு (தொலைநோக்கி பொருத்திய கோணமானி) தூணின் முன் நின்று முழு அளவை எடுக்க வேண்டும். சாவிக்கொத்து, பெல்ட் பக்கிள், கைப்பேசி எல்லாம் வெளியே போய்விடும். தொலைவில் நட்ட அடையாளக் கல்லைக் குறிபார்த்துத் திசையை உறுதி செய்த பின், தொலைநோக்கியின் மேலுள்ள உணரி சுழியம் காட்டும் கோணத்தைத் தேடுவார். கருவியின் சொந்தப் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, ஒவ்வொரு கோணத்தையும் நான்கு நிலைகளில் எடுப்பார். காந்தப்புலம் தரையோடு உண்டாக்கும் சாய்வுக் கோணத்தை அளக்கும்போது நம் பகுதியில் தொலைநோக்கி ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். காந்தப்புலம் இங்கே அவ்வளவு கிடையாகக் கிடக்கிறது. மொத்த வலுவைச் சொல்வது புரோட்டான் காந்தமானி. நம் பகுதியில் உள்ள சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வலுவுக்கு அதில் புரோட்டான்கள் நொடிக்கு ஏறத்தாழ 1,700 முறை சுழல்கின்றன.

இந்த முழு அளவுக்கும் அதே நேரத்தில் ஃப்ளக்ஸ்கேட் காட்டியதற்கும் உள்ள வித்தியாசமே அடிமதிப்பு. பல மாத அடிமதிப்புகளை வரிசையாகப் பார்த்தால்தான் கருவி நகர்ந்ததா, புலம் நகர்ந்ததா என்று தெரியும். கரிசல் மண்ணில் நட்ட தூண் மழைக்காலத்தில் மண் உப்பும்போது சாயும். அடிமதிப்பு மெல்ல வளையும். ஐப்பசி மின்னல் ஒரு நொடிக்கு முள்ளாகக் குத்திவிட்டுப் போகும். அருகில் நிறுத்திய வண்டி அளவில் ஒரு படிக்கட்டை உண்டாக்கும். வண்டியின் காந்தத் தாக்கம் தூரத்தின் மும்மடிக்கேற்பக் குறைவதால், இரு மடங்கு தள்ளி நிறுத்தினாலே எட்டில் ஒரு பங்காகிவிடும். டிராம் மின்சாரத்துக்கு அஞ்சித்தான் பம்பாய்க் கொலாபா நிலையத்தின் வேலை 1904-லிருந்து அலிபாக்குக்கு மாற்றப்பட்டது.

இவ்வளவையும் சரிபார்த்து முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆகலாம். அதுவரை எண்களைப் பெட்டியில் பூட்டி வைப்பதா?

கூடாது. கடைக்காரர் அன்றைய விற்பனையைச் சிட்டையில் எழுதிவிட்டு, பிறகு பேரேட்டில் ஏற்றுவதுபோல, காந்தத் தரவும் படிப்படியாக வெளிவருகிறது. சரிபார்க்காத உடனடித் தரவு முதலில் வரும். அடுத்து, மூன்று மாதத்துக்குள், இறுதி மதிப்பிலிருந்து 5 நானோடெஸ்லாவுக்கு மேல் விலகாத அரை இறுதித் தரவு. கடைசியில் இறுதித் தரவு. புயலின் வலுவைச் சொல்லும் டிஎஸ்டி குறியீட்டையும் ஜப்பானின் கியோட்டோ மையம் உடனடி, தற்காலிகம், இறுதி என்று மூன்று தடவை வெளியிடுகிறது. 2024 மே மாதப் புயலில் அது மைனஸ் 400 நானோடெஸ்லாவைத் தாண்டிக் கீழே போனதை உலகம் அன்றே அறிந்தது. 1989 மார்ச் புயலில் கியூபெக்கின் மின்தொகுப்பு சரிந்து பல மணி நேரம் இருளில் கிடந்ததை நினைத்தால், இறுதி எண்ணுக்காகக் காத்திருக்க முடியாது என்பது புரியும்.

ஆனால் உடனடித் தரவை எடுத்தாள்பவர் அதன் நிலையைப் பார்த்துத்தான் தொட வேண்டும். விடுபட்ட நிமிடத்துக்குப் பொதுக் கோப்பு வடிவத்தில் 99999 என்று எழுதுவது வழக்கம். அதை நீக்காமல் ஒரு மணி நேரச் சராசரி எடுத்துப் பாருங்கள்: 59 நிமிடங்கள் 40,000, ஒரு நிமிடம் 99,999. சராசரி ஏறத்தாழ 41,000 ஆகிவிடும். இல்லாத ஆயிரம் நானோடெஸ்லா முளைத்துவிட்டது. 1989 புயலின் குறியீடே மைனஸ் 589தான். மாட்டிக்கொள்ளக்கூடிய இன்னொரு பொறி, நேரம். நெல்லையின் உண்மை நண்பகல் நம் கடிகாரத்தில் சராசரியாக 12.19, உலக நேரப்படி காலை 6.49. எலெக்ட்ரோஜெட்டின் மேடு அதையொட்டியே வர வேண்டும். கோப்பில் அது 12 மணியை ஒட்டி நின்றால், யாரோ இந்திய நேரத்தை உலக நேரமென்று எழுதிவிட்டார்கள் என்று முதலில் சந்தேகியுங்கள்.

அளந்தவருக்கும் நியாயமான அச்சம் உண்டு: வெயிலில் நின்று எடுத்த எண்ணை வேறொருவர் முந்திக்கொண்டு கட்டுரையாக்கிவிட்டால்? மனித மரபணுத் திட்டத்தினர் 1996-ல் பெர்முடாவில் கூடி, தொகுத்த மரபணு வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் வெளியிடுவதென முடிவெடுத்தபோதும் இதே கேள்வி எழுந்தது. 2003-ல் ஃபோர்ட் லாடர்டேலில் அதற்கு ஒரு பதில் கண்டார்கள்: தரவு எல்லோருக்கும் உடனே, ஆனால் அதன் முழு ஆய்வை முதலில் எழுதும் வாய்ப்பை உண்டாக்கியவருக்கு மற்றவர்கள் மதித்து விட வேண்டும். புவி இயற்பியலில் பழக்கம் இன்னும் பழையது. 1957–58-ன் சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டில், பனிப்போர் நடுவிலும் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஆளுக்கொரு உலகத் தரவு மையம் வைத்து எண்களைப் பரிமாறிக்கொண்டன.

பேரேடு எழுதியபின் சிட்டையைக் கிழிக்கக் கூடாது என்பதற்குச் சான்று கொலாபாவிலேயே இருக்கிறது. 1859 செப்டம்பர் 2 அன்று, ஒரு பெரும் சூரியப் புயலின்போது, அங்கே கிடைப்புலம் (காந்தப்புலத்தின் கிடையான பகுதி) சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்ததைப் பணியாளர்கள் கையால் பதிந்து வைத்தார்கள். அவ்வளவு பெரிய பள்ளத்தைப் பிழையென்று யாரும் அடித்துவிடவில்லை. 2003-ல் அந்தப் பதிவை வைத்துத்தான் அந்தப் புயலின் வலு மறுபடி மதிப்பிடப்பட்டது. அந்தச் சரிவை உண்டாக்கியது பூமியைச் சுற்றிய வளைய மின்னோட்டமா, எலெக்ட்ரோஜெட் ஓடும் அயனி மண்டலத்தின் மின்னோட்டமும் சேர்ந்ததா என்று ஆய்வாளர்கள் இன்றும் அதே எண்களை வைத்து வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.