நட்சத்திரம் விழுந்த பள்ளமும் தனுஷ்கோடி ஊற்றும்

கீழக்கரைக்காரர் ஒருவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். பெருநாள் விடுமுறையில் நண்பர்களோடு சூர் போகும் சாலையில் உள்ள பிம்மா சிங்க்ஹோலுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். தரையில் வாய் திறந்த பெரிய பள்ளம், படியிறங்கினால் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், காலைக் கொத்துகிற பொடி மீன்கள். “நட்சத்திரம் விழுந்து உண்டான பள்ளம்னு அங்க சொல்றாங்க, உண்மையா? நம்ம பக்கமும் கடல் இருக்கு, சுண்ணாம்புக் கல் இருக்கு. இந்த மாதிரி ஒரு குளம் ஏன் இல்ல?”

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. அந்த ஊர்க்காரர்கள் அதை நட்சத்திரத்தின் பெயரால் ‘ஹவியத் நஜ்ம்’ என்று அழைக்கிறார்கள். ஆனால் அங்கே எதுவும் விழவில்லை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது, சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது, அடியில் குகை உண்டாகிறது, ஒரு நாள் கூரை இடிந்து விழுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

விண்கல் கதை உண்மையான இடம் வேறொன்று இருக்கிறது. மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பம். அங்கே இத்தகைய குளங்களுக்குச் செனோட்டே என்று பெயர், மாயன் மொழியிலிருந்து வந்த சொல். யுகட்டானின் வட பகுதியில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு ஆறு கூடக் கிடையாது. பெய்கிற மழையெல்லாம் பாறைக்குள் இறங்கிவிடும். தண்ணீர் வேண்டுமென்றால் செனோட்டேதான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே விழுந்த விண்கல், டைனோசர்களின் காலத்தையே முடித்து வைத்தது. அது தோண்டிய பள்ளம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர் அகலம். பின்னர் அதன் மேல் சுண்ணாம்புப் பாறை படிந்து மூடிவிட்டது. ஆனாலும் பள்ளத்தின் விளிம்பு நெடுகப் பாறை பலவீனமாகவே இருந்தது, அந்த வழியாகத் தண்ணீர் ஓடியது. இன்றைக்கு வரைபடத்தில் பார்த்தால் அந்த விளிம்பில் செனோட்டேக்கள் அரைவட்டமாக வரிசை கட்டி நிற்கின்றன. ஓமானில் கதையாக மட்டும் இருப்பது அங்கே பாறையில் எழுதியிருக்கிறது!

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

கடலோரச் செனோட்டேக்களில் முக்குளிப்பவர்கள் ஓர் ஆழத்தில் திடீரென்று கண் மங்குவதாகச் சொல்வார்கள். அதுவரை கண்ணாடி போல இருந்த தண்ணீர் நெளிய ஆரம்பிக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்காமல் விட்டால் அடியில் இழை இழையாக நெளியுமே, அதே காட்சி. இன்னும் இரண்டடி இறங்கினால் மறுபடியும் தெளிவு. மேலே நல்ல தண்ணீர், கீழே பாறை வழியாக உள்ளே வந்த கடல்நீர். இரண்டும் சந்திக்கிற அந்த மெல்லிய அடுக்குக்கு ஹாலோகிளைன் என்று பெயர்.

குகையைத் தீவிரமாகக் குடைவது அந்த அடுக்குதான். மேலே இருக்கிற நல்ல தண்ணீர் தன்னால் முடிந்த அளவு சுண்ணாம்பை ஏற்கெனவே கரைத்து வைத்திருக்கும், இனி ஒரு துளி கூடத் தாங்காது. கீழே இருக்கிற கடல்நீருக்கும் அதே நிலைதான். இரண்டு பேருக்கும் வயிறு நிறைந்துவிட்டது. ஆனால் இரண்டும் கலந்தால் அந்தக் கலவைக்குப் பசி வந்துவிடுகிறது, மறுபடியும் பாறையைத் தின்கிறது! உப்பின் அளவும் கார்பன் டை ஆக்சைடின் அளவும் கூடக்கூட, தண்ணீர் தாங்கக்கூடிய சுண்ணாம்பு நேர்கோட்டில் ஏறுவதில்லை, வளைந்து ஏறுகிறது. வளைகோட்டில் இரண்டு புள்ளிகளை வைத்து ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். நூல் வளைவுக்குக் கீழே போகும். கலவையில் உள்ள சுண்ணாம்பு அந்த நூலின் மேல் இருக்கிறது, கொள்ளளவோ வளைவின் மேல் இருக்கிறது. நடுவில் உள்ள அந்தச் சின்ன இடைவெளிதான் பசி. அந்த இடைவெளி, கிலோமீட்டர் கணக்கில் குகைகளைக் குடைந்திருக்கிறது. முதல் முறை இது புரிந்தபோது தாளில் அந்தக் கோட்டைத் திரும்பத் திரும்ப வரைந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடல் எப்போதும் ஒரே மட்டத்தில் இருந்ததில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அந்தக் குகைகள் அப்போது காய்ந்து கிடந்தன. காற்றில் சொட்டுச் சொட்டாக மட்டுமே வளரக்கூடிய சுண்ணாம்புத் தொங்கல்கள் இன்று தண்ணீருக்கடியில் தொங்குவது அதனால்தான். நம் பக்கம் அந்தக் காலத்தில் மண்டபத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடலே கிடையாது.

இப்போது நம்ம ஊர். ராமேசுவரம் தீவில் பவளப்பாறை உண்டு, அதுவும் சுண்ணாம்புதான். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் சுவர்களில் பவளக்கல்லை இன்றும் பார்க்கலாம், அதில் பூப்பூவாகத் துளைகள் தெரியும். ஆனால் நம் பாறை மெல்லியது, புவியியல் கணக்கில் கைக்குழந்தை. மேலே மணல் மூடிக் கிடக்கிறது. குகை குடைவதற்கு வேண்டிய கனமான சுண்ணாம்பு அடுக்கு இங்கே இல்லை. கேட்டவருக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு தண்ணீரும் சந்திக்கிற இடம் நம்மிடமும் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் தனுஷ்கோடியில் ஓர் அம்மா ஊற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். மணலில் இடுப்பளவு குழி, அடியில் ஒரு சாண் தண்ணீர். கூப்பிடு தூரத்தில் கடல். சிரட்டையால் மேலாக மொண்டு, குடத்தின் வாயில் துணி கட்டி வடிகட்டி ஊற்றினார். நாலு சிரட்டை எடுப்பார், பிறகு சும்மா உட்கார்ந்திருப்பார், ஊறியதும் மறுபடி நாலு. குடித்துப் பார்த்தேன், நல்ல தண்ணீர். இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் சீக்கிரம் நிறையுமே என்றேன்.

“ஆழமாத் தோண்டக் கூடாது தம்பி, உப்பு ஏறிரும்.”

இதே விஷயத்தை பாடோன் கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே, 1888-லும் 1901-லும் கணக்காக எழுதினார்கள். நல்ல தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி 1.025. அதனால் மணலுக்குள் இறங்கிய மழைநீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மடங்கு நின்றால், கீழே 40 மடங்கு இறங்கி நிற்கும். நிலத்தடி அமைப்பைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும், ஆனால் கணக்கின் போக்கு இதுதான். தங்கச்சிமடம் வில்லூண்டித் தீர்த்தத்தில் கடலுக்குள் இருக்கிற கிணற்றில் உப்பில்லாத தண்ணீர் கிடைப்பதற்கும் இதுவே அடிப்படை.

இந்தக் கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும். மோட்டார் போட்டு நல்ல தண்ணீரின் மட்டத்தை ஒரு சாண் இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 சாண் ஏறப் பார்க்கும். ஒரு தடவை உப்பு ஏறிய மணலைக் கழுவ எத்தனையோ ஐப்பசி மழை வேண்டும். ராமர் வில்லை ஊன்றிய கதையைச் சிறுவயதிலிருந்து ஆசையாகக் கேட்டு வளர்ந்தவன் நான், இன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனால் தீர்த்தம் வற்றவே வற்றாது என்று நம்பிப் பக்கத்திலேயே ஆழ்துளைக் கிணறு போடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பெரிய திட்டங்களுக்குக் கோடிகளை ஒதுக்குகிறோம். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவியான டி.டி.எஸ். மீட்டரின் விலை சாதாரண செல்போனைவிடக் குறைவு. கடற்கரையோரப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டரும் ஒரு நோட்டும் கொடுத்து, மாதம் ஒரு நாள் ஊர்க்கிணற்றை அளந்து எழுதச் சொன்னால், பத்து வருடத்தில் எந்த ஊரில் உப்பு ஏறுகிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

மஸ்கட் நண்பருக்கு ஒரு வார்த்தை. மெக்சிகோவின் பல செனோட்டேக்களில் உடம்பைக் கழுவிவிட்டுத்தான் இறங்க விடுவார்கள், சன்ஸ்கிரீன் பூசியிருக்கக் கூடாது. அது குடிதண்ணீரோடு தொடர்புள்ள நிலத்தடி நீர். அடுத்த லீவில் ஊருக்கு வரும்போது குளிப்பதற்கு அரியமான் கடற்கரை இருக்கிறது. அப்புறம் தனுஷ்கோடிப் பக்கம் போய், யாராவது ஊற்றில் மொண்டுகொண்டிருந்தால் ஒரு சிரட்டை கேட்டு வாங்கிக் குடியுங்கள். அடியைக் கலக்காமல், மேலாக மொண்ட தண்ணீராக.