முழங்காலுக்குள் விழுந்த பள்ளம்

"முழங்கால் முறிவுக்குச் சிறு துளை போட்டு ஆபரேஷன் செய்துகொண்டால் பிற்காலத்தில் மூட்டு தேயாதாமே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தழும்பு சின்னதாக இருப்பதால் மட்டும் மூட்டின் ஆயுள் கூடிவிடாது. அந்தத் துளை வழியே உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

முழங்கால் முறிவுகளில் தொல்லை பிடித்தது, டிபியா என்னும் கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டு உடைவது. உயரத்திலிருந்து விழும்போதோ வண்டி மோதும்போதோ தொடை எலும்பின் முனை அழுத்தி, அந்தத் தட்டில் ஒரு துண்டை உள்ளே இறக்கிவிடும். விலகிய எலும்பைக் காலை இழுத்துப் பிடித்து ஓரளவு சேர்க்கலாம். இப்படி அமுங்கிய துண்டு, என்ன இழுத்தாலும் மேலே வராது.

இதற்குச் செய்யும் வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மேலிருந்து நோண்டாமல், மூட்டுக்குக் கீழே எலும்பில் ஒரு சிறு வழி திறக்கிறார்கள். அதில் மழுங்கிய முனையுள்ள கம்பியை நுழைத்து, துண்டை அடியிலிருந்து மெல்லத் தட்டுகிறார்கள். இன்னொரு துளையில், மூட்டுக்குள் பார்க்க உதவும் ஆர்த்ரோஸ்கோப் கேமரா. திரையில் வழவழப்பான வெள்ளைப் பரப்பு, நடுவில் ஒரு பள்ளம். தட்டத் தட்ட அது உயர்ந்து, சுற்றியுள்ள பரப்போடு சமமாவது கண்ணெதிரே தெரியும். மெனிஸ்கஸ் என்னும், மூட்டுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் குருத்தெலும்பில் எக்ஸ்ரேக்குத் தெரியாத கிழிவு இருந்தால் அதுவும் அப்போதே சிக்கும். அப்புறம் அடியில் உண்டான வெற்றிடத்தை எலும்புத் துகளாலோ கால்சியம் பாஸ்பேட்டாலோ நிரப்பி, ஸ்க்ரூ போட்டு முடிப்பார்கள். 1918-ல் டோக்கியோவில் கென்ஜி தகாகி என்ற மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்த ஆர்வம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

சரி, பரப்பு சமமாக இருப்பதில் ஏன் இத்தனை பிடிவாதம்? எலும்பை மூடியிருக்கும் குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் ரத்தக் குழாய் கிடையாது. பெரும்பகுதி நீர். அழுத்தும்போது நீர் கசிந்து, விட்டதும் ஸ்பாஞ்ச் போல மூட்டுத் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும்; அதன் செல்களுக்குச் சாப்பாடே அந்தத் திரவத்திலிருந்துதான். பரப்பில் படி விழுந்தால் பாரமெல்லாம் ஒரு விளிம்பில் குவிந்து, அந்த இடம் சீக்கிரம் தேயும்.

அந்தத் திரவம் உள்ளே போய்வரத்தான் அசைவும் அவசியம். உடைந்த மூட்டை ஆடாமல் அசையாமல் வைப்பதே நல்லது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. கனடாவின் எலும்பு மருத்துவர் ராபர்ட் சால்ட்டர் முயல்களின் முழங்காலை இடைவிடாமல் மடக்கி நீட்டச் செய்து, குருத்தெலும்பு அப்படித்தான் நன்றாக ஆறுகிறது என்று காட்டினார். சிறு துளையில் வலியும் தசைச் சேதமும் குறைவு என்பதால் முழங்காலைச் சீக்கிரம் மடக்க ஆரம்பிக்கலாம். அதற்காக ஊன்றி நடந்துவிடக் கூடாது; பாரம் ஏற்றப் பல வாரங்கள் ஆகும்.

எலும்பு நொறுங்கிப்போனால் திறந்துதான் பிளேட் வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அடிபட்ட நொடியிலேயே குருத்தெலும்பு செல்கள் பல செத்துப்போவது. எந்த ஸ்க்ரூவும் அவற்றை எழுப்பாது. பரப்பு அச்சாகச் சேர்ந்தாலும் சிலருக்கு மூட்டுத் தேய்மானம் வருவது இதனால்தான். புது பிளேட்டுக்குக் கிடைக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்காவது இந்தச் செல்களைக் காப்பாற்றும் வழிக்குப் போகலாம் என்பது என் கட்சி.