எந்த இடத்தில் வடிகட்டுவது?

இரவு நேரத்து 7 மெகாஹெர்ட்ஸ், ஹாம்கள் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்களின் பட்டை. 7.023ல் ஒரு மோர்ஸ் நிலையம், இரைச்சலுக்கு மேலே தலை மட்டும் தெரிகிற அளவுக்கு மெலிசாகக் கேட்கிறது. அழைப்புக்குறியில் பாதியைத் தாளில் எழுதிவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். பெரிய ஆன்டெனாவாக இருக்க வேண்டும். காது கிழிகிற சிக்னல். என்னிடம் அப்போது இருந்த ரிசீவர் பேச்சுக்கான 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில்தான் எப்போதும் திறந்திருக்கும். அந்த வாசலில் இருவருமே தாராளமாக நுழைந்துவிடுவார்கள்: மெலிந்தவர் 600 ஹெர்ட்ஸ் தொனியில், வலுத்தவர் 1600 ஹெர்ட்ஸில்.

இதற்கென்றே ஓர் ஆடியோ ஃபில்டர் செய்து வைத்திருந்தேன். நான்கு ஆப்-ஆம்ப் (சின்னப் பெருக்கிச் சில்லு), கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். ஹெட்போன் துளையில் செருகினால் 600 ஹெர்ட்ஸையும் அதை ஒட்டியதையும் மட்டும் விடும். செருகினேன். 1600 ஹெர்ட்ஸ் கூச்சல் சுத்தமாக மறைந்தது. ஆனால் எனக்கு வேண்டியவரும் விட்டுவிட்டுத்தான் கேட்டார். பக்கத்தில் இருப்பவர் கீயை அழுத்தும்போதெல்லாம் இவர் காணாமல் போனார். அவர் கையை எடுத்ததும் திரும்பி வந்தார். காதுக்கே கேட்காத ஒருவர், கேட்கிறவரை அமுக்கிக்கொண்டிருந்தார்.

ஃபில்டரில் பழுது எதுவும் இல்லை. அது நின்ற இடம்தான் தப்பு. ஏன் என்று புரிய, ஒரு சிக்னல் ஆன்டெனாவிலிருந்து காது வரை நடந்து வரும் பாதையைப் பார்க்க வேண்டும்.

ஊஞ்சலை அதன் சொந்தத் தாளத்துக்கு ஒத்துத் தள்ளினால் சின்னத் தள்ளலிலேயே உயரப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் கை வலிப்பதுதான் மிச்சம். ஒரு கம்பிச்சுருளையும் கெப்பாசிட்டரையும் சேர்த்தால் மின்சாரத்துக்கு அப்படி ஓர் ஊஞ்சல் கிடைக்கும். அதற்கென்று ஓர் அதிர்வெண் இருக்கும். அதில் வருவதை வாங்கிக்கொள்ளும், மற்றதைக் கண்டுகொள்ளாது. எவ்வளவு கறாராக இருக்கிறது என்பதற்கு கியூ என்று ஓர் அளவு. அதிர்வெண்ணை கியூவால் வகுத்தால் வாசலின் அகலம் வந்துவிடும். நல்ல சுருளுக்கு கியூ 100 என்று வையுங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் அகலம் 70 கிலோஹெர்ட்ஸ். மோர்ஸ் நிலையத்துக்கு 500 ஹெர்ட்ஸ் இடம் தாராளம் என்றால், அந்த 70 கிலோஹெர்ட்ஸுக்குள் 140 பேர் வரிசையாக உட்கார முடியும். ஒருவரை மட்டும் பிரித்தெடுக்க கியூ 14,000 வேண்டும். எந்தக் கம்பிச்சுருளாலும் அது ஆகாது.

இதிலிருந்து தப்பிக்கும் வழியை 1918ல் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் காட்டினார். முதல் உலகப்போர் சமயம். அமெரிக்கப் படையின் சிக்னல் பிரிவில் பிரான்சில் இருந்தார். வருகிற சிக்னலோடு ரிசீவருக்குள்ளேயே உண்டாக்கிய இன்னோர் அலையைக் கலந்தால் இரண்டின் வித்தியாசம் புதிய அதிர்வெண்ணாக வெளியே வரும். எந்த நிலையத்தைத் திருப்பினாலும் அந்த வித்தியாசம் ஒரே எண்ணாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால், வடிகட்டும் வேலையை அந்த ஓர் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். இதுதான் சூப்பர்ஹெட். அந்த நிரந்தர இடம்தான் ஐ.எஃப்., அதாவது இடைநிலை அதிர்வெண். பல காலம் 455 கிலோஹெர்ட்ஸ்தான் பழக்கம். அங்கே 500 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு கியூ 910 போதும். அதுவும் சுருளுக்கு அதிகம்தான். ஆனால் குவார்ட்ஸ் கிரிஸ்டலுக்கு இது ஒன்றுமே இல்லை. அந்தச் சின்னச் சில்லின் கியூ பல ஆயிரம், பல பத்தாயிரம் என்று போகும்.

1932ல் ஜேம்ஸ் லாம்ப் ஐ.எஃப்.பில் ஒரே ஒரு கிரிஸ்டலை வைத்து ஹாம்களுக்கு என்ன கிடைக்கும் என்று காட்டினார். அதுவரை மோர்ஸ் நிலையம் ஒவ்வொன்றும் டயலில் இரண்டு இடத்தில் கேட்கும்: திருப்பிக்கொண்டே போனால் தொனி கீச்சென்று தொடங்கி, இறங்கி, அடங்கி, மறுபடி ஏறும். கிரிஸ்டல் அந்த இரண்டில் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டது. நிலையங்கள் அப்படியே இருக்க, பட்டையின் நெரிசல் மட்டும் பாதியானது போலக் கேட்டது. இன்று நான்கு முதல் எட்டு கிரிஸ்டல்களை ஏணிப்படி போல அடுக்கிச் செய்கிறார்கள். ஒரே அதிர்வெண்ணுக்கான கிரிஸ்டல்களை மொத்தமாக வாங்கி, அளந்து, ஒத்துப்போவதைப் பொறுக்கி வீட்டிலேயே கட்டலாம். பொறுமை இருந்தால் அருமையான வார இறுதி வேலை.

ஆனால் கலக்கும் இடமான மிக்சருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. 7.023ஐக் கேட்க உள்ளே 7.478 மெகாஹெர்ட்ஸ் அலையை ஓட்டுகிறோம். வித்தியாசம் 455 கிலோஹெர்ட்ஸ். சரி. ஆனால் 7.933ல் ஒருவர் இருந்தால்? அவருக்கும் 7.478க்கும் வித்தியாசம் அதே 455. மிக்சரைத் தாண்டியபின் இருவரும் ஒரே எண். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கிரிஸ்டல் ஃபில்டராலும் பிரிக்க முடியாது. பிம்பம் என்று அழைக்கப்படும் இந்த இரண்டாமவரை மிக்சருக்கு முன்னால்தான் நிறுத்தியாக வேண்டும். அங்கே பழைய கம்பிச்சுருளே போதும்: கியூ 100 உள்ள ஒற்றைச் சுற்று 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருப்பவரை சுமார் 28 டெசிபெல் குறைக்கும் (வலுவை ஒப்பிடும் அளவு இது; 10 டெசிபெல் என்றால் ஆற்றலில் பத்து மடங்கு). இரண்டு சுற்று வைத்தால் 56. பக்கத்து நிலையத்தைப் பிரிக்கவே லாயக்கில்லாத அதே சுருள், சரியான இடத்தில் வைத்தால் கிரிஸ்டலால் முடியாததைச் செய்கிறது. ஐ.எஃப்.பை 9 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டால் பிம்பம் 18 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடும்; இன்னும் சுலபம்.

அகலத்தைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. சரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. '2.4 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர்' என்றால் அந்த அகலத்தில் சிக்னல் 6 டெசிபெல் குறைந்திருக்கும் என்றுதான் பொருள். அதற்கு வெளியே சுவர் இல்லை, சரிவுதான் இருக்கிறது. 60 டெசிபெல் குறையும் இடத்தில் அகலம் என்ன என்று கேட்க வேண்டும். 4.3 கிலோஹெர்ட்ஸ் என்றால் செங்குத்தான கரை. 10 என்றால் கூடாரம் போலப் பரந்து கிடக்கிறது. வலுத்தவர் அதன் ஓரமாக ஏறி உள்ளே வந்துவிடுவார். எவ்வளவு வலுத்தவர்? சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டரில் ஒரு படிக்கு 6 டெசிபெல் என்பது வழக்கம். எஸ்-3ல் இருக்கும் மெலிந்தவருக்கும் எஸ்-9க்கு மேல் 40 காட்டுகிறவருக்கும் இடைவெளி 76 டெசிபெல். ஆற்றலில் சுமார் 4 கோடி மடங்கு. 60 டெசிபெல் ஃபில்டர் கூட அவரை மெலிந்தவரை விட 16 டெசிபெல் உயரத்தில்தான் விட்டுவைக்கும்.

இப்போது என் கதைக்கு வரலாம். ரிசீவருக்குள் ஏ.ஜி.சி. என்று ஒன்று இருக்கிறது. சிக்னல் வலுவாக வந்தால் பெருக்கத்தை உடனே குறைத்து, மெலிந்தால் கூட்டி, காதைக் காப்பாற்றுவது அதன் வேலை. அது எதைப் பார்த்து முடிவெடுக்கிறது? என் பெட்டியில் ஐ.எஃப்.பின் கடைசியில், 2.4 கிலோஹெர்ட்ஸ் வாசல் வழியாக வந்த எல்லாவற்றையும் பார்த்து. வலுத்தவர் கீயை அழுத்துகிறார், ஏ.ஜி.சி. பெருக்கத்தை இறக்குகிறது; அவரோடு சேர்த்து மெலிந்தவரும் இறங்கிவிடுகிறார். இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு ஹெட்போன் துளையில் காத்திருந்த என் ஃபில்டர் 1600 ஹெர்ட்ஸை வெட்டுகிறது. வெட்டி என்ன பயன்? ஐ.எஃப்.பிலேயே 500 ஹெர்ட்ஸ் ஃபில்டர் இருந்திருந்தால் ஏ.ஜி.சி.க்கு அவர் இருப்பதே தெரிந்திருக்காது.

இதைவிட நயவஞ்சகமான தொல்லை ஒன்று உண்டு: இல்லாத நிலையம் கேட்பது. 7.025ல் ஒருவர், 7.027ல் ஒருவர், இருவரும் மகா வலு என்று வையுங்கள். பெருக்கியோ மிக்சரோ தாங்காமல் திணறும்போது முதல் அதிர்வெண்ணின் இருமடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்த இடத்தில் புதிய சிக்னல் பிறக்கும். கழித்துப் பாருங்கள்: 14.050 கழித்தல் 7.027, மிச்சம் 7.023. நாம் கேட்டுக்கொண்டிருக்கும் அதே இடம். இந்தப் பேய் காற்றில் இல்லை, நம் பெட்டிக்குள் பிறந்தது. பிறந்தபின் எந்த ஃபில்டராலும் அதை விரட்ட முடியாது, ஏனென்றால் அது சரியான வாசலில்தான் நிற்கிறது. பிறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே வழி. அதற்குத்தான் ரூஃபிங் ஃபில்டர். முதல் மிக்சரை ஒட்டி, பெருக்கல் எல்லாம் தொடங்குமுன் கூரை போல நின்று பின்னால் உள்ளவற்றை மழையிலிருந்து காப்பாற்றும். முதல் ஐ.எஃப்.பை 70 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வைத்த பல ரிசீவர்களில் இது 15 கிலோஹெர்ட்ஸ் அகலம். நம் இரண்டு முரடர்களும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். 8, 9 மெகாஹெர்ட்ஸ் ஐ.எஃப்.புக்கு இறங்கி வந்த வடிவமைப்புகளில் கூரையைச் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் குறுக்க முடிந்தது. வித்தியாசம் நெரிசலான போட்டி நாள்களில் தெரியும்.

முதல் மிக்சரிலேயே பேய் பிறந்தால் கூரையாலும் பயனில்லை. அப்போது யாரும் மதிக்காத ஒரு பித்தானை அழுத்துங்கள்: வருகிற சிக்னலையே குறைக்கும் அட்டெனுவேட்டர். 10 டெசிபெல் குறைத்தால் உண்மையான நிலையம் 10 குறையும், பேய் 30 குறையும். கேட்பது பேயா ஆளா என்று சோதிக்கவும் இதுவே வழி. 7 மெகாஹெர்ட்ஸில் இரவின் இயற்கை இரைச்சலே அவ்வளவு உயரம் என்பதால் 10 டெசிபெல் போனால் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. புதிதாக வருபவர்கள் முன்பெருக்கியான பிரீஆம்பைப் போட்டுக்கொண்டு கஷ்டப்படுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

அப்படியென்றால் எல்லா இடத்திலும் குறுகலாக வைத்துவிட்டால் தீர்ந்ததா? இல்லை. ஊஞ்சல் கறாராக இருந்தால் தள்ளத் தொடங்கியதும் எழும்பாது, நிறுத்தியதும் நிற்காது. ஒன்றை வாசலின் அகலத்தால் வகுத்தால் அந்தத் தாமதம் தோராயமாகக் கிடைக்கும்: 500 ஹெர்ட்ஸுக்கு 2 மில்லிசெகண்ட், 50 ஹெர்ட்ஸுக்கு 20. நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் மோர்ஸ் புள்ளி ஒன்றின் நீளம் 60 மில்லிசெகண்ட். 50 ஹெர்ட்ஸ் ஃபில்டரில் புள்ளிகளின் ஓரம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டும். அதோடு இரைச்சலும் மணி அடித்தது போல அதே தொனியில் முனகும். எது சிக்னல், எது இரைச்சல் என்றே தெரியாது. 2400 ஹெர்ட்ஸிலிருந்து 240க்கு வந்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும், அது நல்ல லாபம். அதற்குக் கீழே போவதை நான் விரும்புவதில்லை. பழகிய காதுக்கு 400, 500 போதும். மிச்சத்தை மூளை வடிகட்டிக்கொள்ளும்.

இதே தாமதம் இன்னோர் இடத்திலும் வேலையைக் காட்டும். மின்வேலியோ என்ஜின் தீப்பொறியோ எழுப்பும் டக் டக் சத்தம் பத்தில் ஒரு மில்லிசெகண்ட் கூட இருக்காது. அந்த நேரத்துக்கு ரிசீவரை ஊமையாக்கிவிட்டால் காதுக்குத் தெரியாது. நாய்ஸ் பிளாங்கர் செய்வது அதைத்தான். ஆனால் அதை 500 ஹெர்ட்ஸ் ஃபில்டருக்குப் பின்னால் வைத்தால் ஒரு குத்து 2 மில்லிசெகண்ட் முனகலாக நீண்டு, இரைச்சலில் கரைந்து வரும். வெட்ட எதுவும் தனியாகத் தெரியாது. ஆகவே பிளாங்கர் முன்னால், குறுகல் ஃபில்டர் பின்னால்.

இப்போதெல்லாம் டி.எஸ்.பி.தானே, அதாவது சிக்னலை எண்களாக்கிக் கணக்குப் போடுவதுதானே, இதெல்லாம் பழங்கதையாயிற்றே என்று கேட்கலாம். சரிவு விஷயத்தில் உண்மைதான்: எண்களை வைத்துச் செய்யும் ஃபில்டருக்குக் கரை நிஜமாகவே சுவர் மாதிரி நிற்கும், அகலத்தையும் நினைத்தபடி மாற்றலாம். பேச்சின் நடுவே விசில் அடிக்கும் கேரியரை (செய்தி இல்லாத வெறும் அலையை)த் தானே தேடிப் பிடித்து வெட்டும் ஆட்டோ நாட்சுக்கு அடிப்படை 1960ல் விட்ரோவும் ஹாஃபும் தந்த கணக்கு. ஆனால் ஆன்டெனாவை நேராக எண்ணாக்கும் ரிசீவரில் அந்த மாற்றிக்கு முன்னால் நிற்கும் ஃபில்டர்தான் உயிர். 16 பிட் மாற்றிக்குக் கணக்குப்படி எட்டும் வீச்சு சுமார் 98 டெசிபெல். ஆன்டெனாவில் வரும் எல்லா ஒலிபரப்பு நிலையங்களும் கூடி ஒரு கணம் அதன் உச்சியை மீறினால் எண்ணே தப்பாகிவிடும். தப்பான எண்ணை எந்தக் கணக்காலும் திருத்த முடியாது. பக்கத்தில் மீடியம் வேவ் கோபுரம் இருந்தால் 1.8 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் சாதாரண ஹைபாஸ் ஃபில்டர், நவீன பெட்டியையும் காப்பாற்றும்.

இன்னொருவர் தன் டிரான்ஸ்மிட்டரை அளவு மீறி முறுக்கிப் பட்டை முழுக்கச் சிதறடித்தால், அந்தச் சிதறல் நம் வாசலுக்குள் நியாயமாகவே வந்து விழுகிறது. அதற்கு நம் பக்கம் மருந்தில்லை. வீட்டு எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும் எழுப்பும் சத்தமும் அப்படித்தான். ரிசீவரை பேட்டரியில் ஓட்டி, வீட்டின் மெயினை அணைத்துக் கேளுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள். சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடலாம்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன்? கொஞ்ச நேரம் ஃபில்டர் பெட்டியைத் திட்டிவிட்டு, ஏ.ஜி.சி.யை அணைத்தேன். ஆர்.எஃப். கெயினை, அதாவது ரிசீவரின் முன்பக்கப் பெருக்கத்தை, கையால் இறக்கினேன், வால்யூமை ஏற்றினேன். பெருக்கத்தை ஏற்றி இறக்க இனி என் விரலைத் தவிர யாருமில்லை. ஹெட்போன் துளையில் தொங்கிய அந்த நான்கு ஆப்-ஆம்ப் இப்போது தன் வேலையைச் செய்தது. மெலிந்தவர் இன்னும் அதே இடத்தில் அழைத்துக்கொண்டிருந்தார். அழைப்புக்குறியின் மறுபாதியை எழுதி முடித்தேன்.